வேண்டாம் என்று சொல்லும் உரிமை: சிமுலேஷன் லீக்குகளும் வீரர் சந்தையின் நியாயமும்

பாஸ்கெட்பால் ஜிஎம் என்றொரு கணினி விளையாட்டு உண்டு. பிரௌசரிலேயே இலவசமாக ஆடலாம். ஆடுகிறவர் பந்தைத் தொடுவதே இல்லை. ஒரு கூடைப்பந்து அணியின் மேலாளராக உட்கார்ந்து ஆள் எடுக்கிறார், சம்பளம் பேசுகிறார், ஒப்பந்தம் முடிந்தவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுக்கிறார். ஆட்டங்களைக் கணினி ஆடி முடித்து முடிவைச் சொல்லிவிடும். அதில் வருகிற வீரர்கள் எல்லோரும் கற்பனை, எண்களின் தொகுப்புகள். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு மனநிலைக் கணக்கு இருக்கிறது. புகழ், விசுவாசம், பணம், வெற்றி ஆகிய நான்கு குணங்களில் எது ஒருவரிடம் மேலோங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்து அவருடைய ஆசைகள் மாறும். அணி தொடர்ந்து தோற்கிறதா, பயிற்சி வசதிகள் மோசமா, ரசிகர்களிடம் ஆரவாரம் இல்லையா, எல்லாம் கணக்கில் சேரும். கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அந்த வீரர் உங்களோடு பேச்சுவார்த்தைக்கே வரமாட்டார்.

வேண்டாம் என்று சொல்லும் இந்த உரிமை ஐ.பி.எல். ஏலத்தில் ரத்தமும் சதையுமான வீரருக்கு இல்லை. ஏலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் பத்து அணிகளில் எது கை தூக்குகிறதோ அங்கே போக வேண்டும். எடுக்கப்பட்ட பிறகு, சீசன் தொடங்கும் முன் தக்க காரணமின்றி விலகினால் இரண்டு சீசன் தடை. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அப்படித் தடை பெற்றார். டெல்லி கேப்பிடல்ஸ் அவரை 6.25 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. தன் நாட்டு அணிக்காகத் தயாராக வேண்டும் என்று சொல்லி அவர் விலகினார். டெல்லியின் மேல் அவருக்கு வெறுப்பு ஏதும் இல்லை. கடைசி நேரத்தில் ஆளை இழக்கும் அணியின் நஷ்டத்தை நினைத்தால் இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடை என்கிற கோலை எடுத்தவர்கள், விருப்பத்தைச் சொல்ல ஒரு வாசலையும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டும்.

பாஸ்கெட்பால் ஜிஎம் போன்ற விளையாட்டுகளை வைத்து சிமுலேஷன் லீக் நடத்துகிறவர்களிடையே ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. முப்பது மனிதர்கள் ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு, ஒரு கமிஷனரை வைத்துக்கொண்டு, பல சீசன்கள் ஆடுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள், அதாவது ஃப்ரீ ஏஜென்ட்டுகள், எந்த விதியின்படி அணி சேர வேண்டும்? அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் விதிகளை அப்படியே பின்பற்றினால்தான் நிஜம்போல் இருக்கும் என்கிறது ஒரு தரப்பு. அப்படிச் செய்தால் சில அணிகள் எப்போதும் மேலேயும் சில எப்போதும் கீழேயும் கிடக்கும், அது நியாயமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. பணம் புழங்காத பொழுதுபோக்குக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். நான் இதை மிக முக்கியமான சண்டையாக நினைக்கிறேன். ஒரு விதி ஏன் இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்ற கேள்வி நிஜ லீக்குகளில் வழக்கறிஞர்களின் அறைக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே அது வெட்டவெளியில் நடக்கிறது.

என்.பி.ஏ. விதிகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதவில்லை. வீரர் சங்கம் 1954இல் பாப் கூசியின் முயற்சியால் பிறந்தது. 1964இல் பாஸ்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், ஓய்வூதியம் குறித்து உறுதி தராவிட்டால் ஆடமாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1970இல் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வழக்கு. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரைப் பழைய அணியே கட்டிவைத்துக்கொள்ளும் ஷரத்து கூடாது என்பது அதன் சாரம். வழக்கு முடியாமல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக்கோடு இணைய முடியாது என்ற நிலை வந்ததால் 1976இல் உரிமையாளர்கள் இறங்கிவந்தார்கள். 1984-85 சீசனில் சம்பள உச்சவரம்பு வந்தது; ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். உச்சவரம்பு வீரர்களுக்குப் பாதகம்தானே, ஏன் ஒப்புக்கொண்டார்கள்? ஈடாக லீக்கின் மொத்த வருவாயில் 53 சதவீதம் வீரர்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். அடுத்த பேரத்தின் விளைவாக 1988இல் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குப் போனார். பழைய அணி எதுவும் செய்ய முடியாதபடி போன முதல் முழு ஃப்ரீ ஏஜென்ட் அவர்.

ஆக ஒவ்வொரு விதியும் ஒரு பேரத்தின் ஒரு பாதி. மறுபாதி வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். சிமுலேஷன் லீக் என்ன செய்கிறது என்றால், பாதியை மட்டும் எடுத்துவருகிறது. பழைய அணி உச்சவரம்பைத் தாண்டியும் தன் வீரரை வைத்துக்கொள்ளலாம் என்ற விதியை, லேரி பேர்ட் பெயரில் வழங்குவதை, எடுத்துவருகிறது; அதற்கு ஈடாகத் தரப்பட்ட வருவாய்ப் பங்கு வருவதில்லை. வரவும் முடியாது, ஏனென்றால் கற்பனை வீரருக்கு வீட்டுக் கடன் இல்லை, குழந்தைகள் இல்லை. அதனால் நிஜத்தில் உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த சமரசம், இங்கே ஏற்கெனவே வலுவாக இருக்கும் மேலாளருக்கும் புதிதாக வந்த மேலாளருக்கும் இடையே ஒருதலைப்பட்சமான சலுகையாக மாறிவிடுகிறது.

இதை நன்றாகக் காட்டுவது தனிநபர் சம்பள வரம்பு. 1998-99இல் லீக்கையே பூட்டி, சீசனை ஐம்பது ஆட்டங்களாகக் குறைத்த தகராறின் முடிவில் வந்த விதி அது. எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் அணியின் உச்சவரம்பில் இன்ன சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அனுபவத்தைப் பொறுத்து 25, 30, 35 சதவீதம். நடுத்தர வீரர்களுக்கும் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். விளைவு வேறு பக்கமும் போனது. ஐந்து அணிகள் ஒரே தொகையைத்தான் தர முடியும் என்றால் பணம் தீர்மானிப்பதை நிறுத்திவிடுகிறது. நகரம், நண்பர்கள், கோப்பை வாய்ப்பு ஆகியவை தீர்மானிக்கத் தொடங்குகின்றன. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்குப் போனதும், 2016 ஜூலையில் கெவின் டுரான்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனதும் இந்தக் கதையின் இரு அத்தியாயங்கள். இரண்டாவதில் இன்னொரு விபத்தும் சேர்ந்துகொண்டது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடி டாலரிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்ற அணிக்கே இன்னொரு பெரிய நட்சத்திரத்துக்கு இடம் கிடைத்தது. அடுத்த இரண்டு கோப்பைகளும் அவர்களுக்கே. உச்சவரம்பு ஆண்டுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று 2023 ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது இந்தப் பாடத்தால்தான்.

இதே விதியை சிமுலேஷனில் போட்டால் என்ன ஆகும்? ஐந்து மேலாளர்கள் ஒரே உச்சத் தொகையை எழுதி அனுப்புவார்கள். யாருக்கு வீரர் என்பதை மனநிலைக் கணக்கோ பகடையோ முடிவுசெய்யும். கணக்கில் வெற்றியும் நகர அளவும் இருந்தால் வென்றவரே மறுபடி வெல்வார். நியூயார்க் அணியை எடுத்தவருக்குக் கிடைப்பது, மெம்ஃபிஸ் அணியை எடுத்தவருக்குப் பத்து சீசனானாலும் கிடைக்காது. மெம்ஃபிஸை எடுத்தவர் செய்த தவறு என்ன? சேரும்போது அந்த அணிதான் காலியாக இருந்தது. தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டில் ஒரு சோதனை வருகிறது: உனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் இந்த விதியை ஏற்பாயா? சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கும் முன் முப்பது பேரும் கூடி உட்கார்ந்தால் நகர அளவை மனநிலையில் சேர்க்க யாரும் கை தூக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பாஸ்கெட்பால் ஜிஎம்மில் நகரங்களைச் சமமாக்கிவிடும் ஏற்பாடு இருப்பது இதனால்தான். அது நிஜத்துக்கு விரோதம். இருந்தும் நியாயத்துக்கு நெருக்கம்.

அடுத்து, பழைய அணி புதிய விலைக்கு ஈடுகொடுத்து வீரரை மீட்கும் உரிமை. இதை இந்திய வாசகருக்கு விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை; ஐ.பி.எல்.லில் ரைட் டு மேட்ச், புரோ கபடியில் ஃபைனல் பிட் மேட்ச். 2018 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் ரஷீத் கானுக்கு 9 கோடி வரை ஏறி நின்றது. பழைய அணியான ஹைதராபாத் ரைட் டு மேட்ச் அட்டையைத் தூக்கி அதே 9 கோடிக்கு எடுத்துக்கொண்டது. விலையைக் கண்டுபிடிக்கும் உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருடையது. இப்படி நடக்கும் என்று தெரிந்தால் மூன்றாவது அணி ஏன் முழுமனதோடு விலை கேட்கும்? என்.பி.ஏ.யில் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட்டுகள் சந்தையில் தேங்கிப்போவது இதனால்தான். 2022இல் இண்டியானா டியாண்ட்ரே ஏட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 13.3 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஃபீனிக்ஸ் உடனே ஈடுகொடுத்து அவரை வைத்துக்கொண்டது.

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் ஐ.பி.எல். இந்த விதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தது. பழைய அணி அட்டையைத் தூக்கியதும், விலை கேட்ட அணி இன்னும் ஒரே ஒருமுறை, விரும்பிய அளவுக்கு, தொகையை ஏற்றலாம். அதற்கும் ஈடுகொடுத்தால்தான் வீரர் பழைய அணிக்கு. ரிஷப் பந்துக்கு லக்னோ 20.75 கோடியில் நின்றது. டெல்லி அட்டையைத் தூக்கியது. லக்னோ 27 கோடி என்றது. டெல்லி பின்வாங்கியது. அர்ஷ்தீப் சிங்குக்கு ஹைதராபாத் 15.75 கோடி சொல்லியிருந்தது. பஞ்சாப் அட்டை காட்டியதும் 18 கோடிக்கு ஏற்றியது. பஞ்சாப் அதையும் கொடுத்து அவரை வைத்துக்கொண்டது. ஒரே வரித் திருத்தத்தில் ஒருவருக்கு 6.25 கோடியும் இன்னொருவருக்கு 2.25 கோடியும் கூடியது. ஒருவர் அணி மாறினார், மற்றவர் மாறவில்லை, இருவருமே தங்கள் மதிப்புக்கு நெருங்கிய தொகையைப் பெற்றார்கள். சிமுலேஷன் லீக் நடத்துகிறவர்கள் என்.பி.ஏ. விதியை விட்டுவிட்டு இந்த ஜெட்டா விதியை எடுத்துக்கொள்ளலாம் என்பேன். பழைய அணியின் பிடிப்பும் இருக்கிறது, அந்தப் பிடிப்புக்கு விலையும் இருக்கிறது.

பொருளியலாளர் சைமன் ராட்டன்பெர்க் 1956இல் பேஸ்பால் வீரர் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளம். வீரரைக் கட்டிவைத்தாலும் விட்டுவிட்டாலும் திறமை கடைசியில் எங்கே அதிகம் சம்பாதித்துத் தருமோ அங்கேதான் போய்ச்சேரும். வித்தியாசம், அந்தப் பணம் உரிமையாளர் பைக்குப் போகிறதா வீரர் பைக்குப் போகிறதா என்பதுதான் என்றார் அவர். கட்டுப்பாடு இல்லாவிட்டால் பணக்கார அணிகள் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும் என்ற உரிமையாளர்களின் வாதத்தை இது பலவீனப்படுத்தியது. ஆனால் இந்தத் தர்க்கம் சிமுலேஷனுக்குள் நுழைந்ததும் உடைகிறது. ராட்டன்பெர்க்கின் உரிமையாளர் லாபம் தேடுகிறவர். நல்ல விலை வந்தால் நட்சத்திரத்தை விற்பார். சிமுலேஷன் மேலாளருக்கு லாபத்தால் பயனில்லை, கோப்பைதான் வேண்டும். அவர் ஏன் விற்கப்போகிறார்? நிஜத்தில் வீரரை நகர்த்தும் பண ஆசை இங்கே இல்லாததால், கட்டிவைக்கும் விதி நிஜத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இறுக்கமாகிவிடுகிறது. எழுத்து மாறாத ஒரே விதி, ஆடுகிறவர்களின் நோக்கம் மாறியதும் வேறு விதியாகிவிடுகிறது. நிஜம்போல் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

இன்னும் சில சங்கடங்கள் சிமுலேஷனுக்கே உரியவை. பொறுப்பில்லாமல் நீண்ட ஒப்பந்தங்களை எழுதிவிட்டு ஒருவர் லீக்கை விட்டுப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் ஐந்து சீசன் அந்தச் சுமையைச் சுமப்பார். ஃப்ரீ ஏஜென்சி தொடங்கும் நேரத்தில் விழித்திருக்கும் நாட்டுக்காரர் முந்திக்கொள்வார். கமிஷனரே ஓர் அணியையும் வைத்திருப்பார். மூடிய உறையில் ஒரே கெடுவுக்குள் விலை கேட்பதும், புதிதாக வருகிறவருக்கு ஓர் ஒப்பந்தத்தைக் கிழிக்கும் சலுகையும் இவற்றைப் பெருமளவு தீர்க்கும். இதில் பெரிய தத்துவச் சிக்கல் ஏதுமில்லை.

தத்துவச் சிக்கல் இருப்பது நம் ஊரில். தர்மபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர், மொரப்பூர், கடத்தூர் பக்கம் ஒட்டப்படும் கிரிக்கெட், கபடிப் போட்டி நோட்டீஸ்களில் பரிசுத் தொகைக்குக் கீழே, ஒரே ஊர் வீரர்கள் மட்டும், ஆதார் அட்டை கட்டாயம் என்று போட்டிருக்கும். காசு உள்ளவர் வெளியூர் ஆட்களை இறக்கிக் கோப்பையைத் தூக்கிப்போவதைத் தடுக்கும் விதி. அதன் பாரம் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்ததே: சொந்தமாக அணி சேர்க்க ஆள் இல்லாத குக்கிராமத்தில் பிறந்த நல்ல ஆட்டக்காரன் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். குறை உள்ள விதி. ஆனால் அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்கள். அடுத்த போட்டியில் விருந்தாளி வீரர் இருவரை அனுமதிப்போம் என்று அவர்களே மாற்றவும் செய்கிறார்கள். விதியால் கட்டுண்டவர் விதி எழுதும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்.

ஐ.பி.எல்.லில் அப்படியில்லை. இங்கிருந்து பக்கத்து மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜனின் கணக்கைப் பாருங்கள். 2017இல் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு. இரண்டு சீசன் ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. 2020இல் யார்க்கர்களால் லீக்கையே திரும்பிப் பார்க்க வைத்தார்; அதையடுத்த ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 சீசனிலும் அவருடைய ஏல விலை அதே 40 லட்சம். சந்தை அவருடைய புதிய மதிப்பைச் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: 4 கோடி. 2024 இறுதியில் 10.75 கோடி. வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலும் தோளும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத தொழிலில், மலர்ந்த ஆண்டின் விலை பிந்தி வருவது சாதாரண இழப்பில்லை.

சென்னையின் சாய் சுதர்சன் இன்னும் தெளிவான உதாரணம். குஜராத் டைட்டன்ஸ் 2022 ஏலத்தில் அவரை அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. தமிழ்நாட்டின் மாநில லீக்கான டி.என்.பி.எல். அதுவரை டிராஃப்ட் முறையில் ஆள் பிரித்துவந்தது. 2023 பிப்ரவரியில் முதன்முறையாக ஏலம் வைத்தது. கோவை அணி சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. உலகின் பணக்கார கிரிக்கெட் லீக் தந்த விலையைவிட ஒரு மாநில லீக் தந்த விலை அதிகம்! அதே ஆண்டு ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் 47 பந்தில் 96 ரன் அடித்தார். 2024இல் ஐந்நூறு ரன்களைத் தாண்டினார். ஏல விலை 20 லட்சமாகவே நின்றது. அடுத்த சுற்றில்தான் 8.5 கோடி. 20 லட்சத்துக்கும் 8.5 கோடிக்கும் இடையே திறமை அத்தனை மடங்கு வளரவில்லை. வளர்ந்ததைச் சந்தையிடம் காட்ட அவருக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

என்.பி.ஏ.யிலும் இளம் வீரர்களை நான்கு ஆண்டு குறைந்த சம்பளத்தில் கட்டிவைக்கிறார்களே என்று கேட்கலாம். கட்டிவைக்கிறார்கள். ஆனால் சங்கம் அதற்கு விலை வாங்கியிருக்கிறது. லீக் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு. ஐ.பி.எல்.லின் 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. 2025இல் ஆட்டக் கட்டணமும் செயல்திறன் ஊதியமும் சேர்த்து ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயோடு மட்டும் ஒப்பிட்டாலே 15 சதவீதம்தான் வருகிறது. மற்ற வருவாய்களைச் சேர்த்தால் இன்னும் குறையும். 2019இல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கே இடம். இன்று ஆடுகிறவருக்காகப் பேரம் பேச மேசையில் யாருமில்லை. சிமுலேஷன் லீக் பேரத்தின் ஒரு பாதியைத்தான் நகலெடுக்கிறது என்று மேலே சொன்னேன். ஐ.பி.எல்.லில் மறுபாதி எழுதப்படவே இல்லை.

ரவீந்திர ஜடேஜா 2010இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசியதற்காக ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார வைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. 2025 நவம்பரில் சென்னையிலிருந்து அதே ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டபோது, சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தாலும், அவருடைய சம்மதத்தோடு போனார். அணிகளுக்கிடையே வீரரை மாற்றுவதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்ற விதி ஐ.பி.எல்.லில் ஏற்கெனவே இருக்கிறது. ஏலத்துக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

சின்ன மாற்றம் இரண்டு போதும். ஏலத்துக்குப் பெயர் கொடுக்கும்போது வீரர் தனக்கு ஒவ்வாத ஓர் அணியின் பெயரை மூடிய உறையில் குறிப்பிடலாம். ஒன்றுக்கு மேல் கூடாது. அடிப்படை விலையில் எடுக்கப்பட்டவர் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்களில் களமிறங்கிவிட்டாலோ இந்தியாவுக்கு ஆடிவிட்டாலோ, அடுத்த சிறு ஏலத்தில் அவருடைய ஒப்பந்தம் திறக்கும். பழைய அணிக்கு ஜெட்டா முறையில் ஈடுகொடுக்கும் உரிமை இருக்கும். போட்டியின் சமநிலை கெட்டுவிடும் என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். அதைச் சோதிக்க வழி இருக்கிறது. பாஸ்கெட்பால் ஜிஎம் போன்ற விளையாட்டுகளின் நிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. பத்து அணி, 120 கோடி ஏல வரம்பு என்று அமைத்து, இன்றைய விதியில் ஆயிரம் சீசனும் மாற்று விதியில் ஆயிரம் சீசனும் ஓட்டிப் பார்க்கலாம். கோப்பை எத்தனை அணிகளுக்குப் பரவுகிறது, முதல் மூன்று ஆண்டில் ஓர் இளம் வீரரின் கைக்கு அவருடைய மதிப்பில் எத்தனை சதவீதம் வருகிறது என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பொறியியல் கல்லூரி மாணவர் நாலைந்து பேர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. டிராஃப்டை விட்டு ஏலத்துக்கு மாறிய டி.என்.பி.எல். அதன் முடிவைத் தன் அடுத்த ஏலத்திலேயே நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம்.